ஆறு சிலிண்டர் கார் பர்ன்அவுட் அடிக்குமா? அடிக்கும். இப்போ காலைப் பத்திப் பேசலாமா?

1/ நேத்து ராத்திரி ஒரு வாட்ஸ்அப் குரூப். மெல்போர்ன்ல இருக்கிற தமிழ்ப் பசங்க, எல்லாருமே கார் பைத்தியம். ஒரு தம்பி வருஷக்கணக்கா காசு சேத்து, பழைய நிசான் 370இசட் ஒண்ணு வாங்கி போட்டோ போட்டிருந்தான். வாழ்த்துக்கு நடுவுல ஒரு கமெண்ட்: "ஆறு சிலிண்டர்தானே ப்ரோ, பர்ன்அவுட் எல்லாம் வருமா?" கூடவே நாலு சிரிப்பு எமோஜி.

2/ அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீள த்ரெட். நான் எமர்ஜென்சி டாக்டர். "காரைப் பத்தித் தெரியாதவர் உபதேசம் பண்ண வந்துட்டார்"னு ஆரம்பிக்காதீங்க. என் வீட்டு வாசல்ல நிக்கிறது பழைய ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்ஆர்6. அதுவும் ஆறு சிலிண்டர்தான். ஞாயித்துக்கிழமை ஆயில் மாத்துற கை இது.

3/ கார் விஷயம் தெரியாதவங்களுக்கு: பர்ன்அவுட்னா வண்டியை நின்ன இடத்துலயே பிரேக்ல பிடிச்சுக்கிட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு, பின் சக்கரத்தை மட்டும் சுத்த விடுறது. டயர் சூடாகி வெள்ளைப் புகை கிளம்பும், ரோட்டுல கறுப்புத் தடம் விழும். டிராக் ரேஸ்ல இதுக்கு ஒரு காரணம் இருக்கு, டயரைச் சூடாக்கினா பிடிமானம் கூடும். தெருவுல செய்றதுக்கு ஒரே காரணம், யாரோ பாக்கிறாங்க.

4/ இப்போ கேள்விக்கு நேரடி பதில். ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் பர்ன்அவுட் அடிக்குமா? அடிக்கும். தாராளமா அடிக்கும். இதுல வாதமே இல்லை. கணக்கு போட்டே காட்டுறேன். பிளஸ் டூ பிசிக்ஸ் போதும்.

5/ 370இசட் எடை சுமார் 1,500 கிலோ. அதுல பின் சக்கரங்கள் மேல உக்கார்றது பாதிக்குக் கொஞ்சம் கம்மி, சுமார் 700 கிலோ. காஞ்ச தார் ரோட்டுல நல்ல டயர் தன் மேல இருக்கிற எடை அளவுக்குத்தான் ரோட்டைப் பிடிக்கும். அதாவது சுமார் 6,900 நியூட்டன். அதைத் தாண்டி இழுத்தா டயர் வழுக்கும்.

6/ இஞ்சின் எவ்வளவு குடுக்குது? 363 நியூட்டன் மீட்டர் டார்க். முதல் கியர் அதை 3.8 மடங்கு ஆக்கும். பின்னாடி இருக்கிற டிஃபரன்ஷியல் இன்னொரு 3.7 மடங்கு. சேர்ந்து 5,100. உராய்வுல 15 சதவீதம் போச்சுன்னு வைங்க. சக்கரத்தோட ஆரத்தால வகுத்தா ரோட்டுல சுமார் 13,000 நியூட்டன். தேவையில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கதை முடிஞ்சது.

7/ இந்தக் கணக்குல சிலிண்டர் எண்ணிக்கை எங்கயாவது வந்துச்சா? வரலை. டார்க் வந்துச்சு, கியர் வந்துச்சு, எந்தச் சக்கரத்துக்குச் சக்தி போகுதுங்கிறது வந்துச்சு, அந்தச் சக்கரத்து மேல எவ்வளவு எடைங்கிறது வந்துச்சு. இதுதான் விஷயம். இஞ்சினுக்குள்ள எத்தனை ஓட்டை இருக்குன்னு டயருக்குத் தெரியாது.

8/ சந்தேகமா? நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34. உலகமே கும்பிடுற ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ. ஆனா தேவைப்பட்டா நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும், அதனால நின்ன இடத்துல புகை கிளப்புறது கஷ்டம். போர்ஷே 911ம் ஆறு சிலிண்டர். இஞ்சினே பின் சக்கரத்துக்குப் பின்னாடி உக்காந்திருக்கு. எடை டயரை அமுக்கிப் பிடிக்கிறதால அதோட பிடியை உடைக்க அதிகச் சக்தி வேணும். இதை வச்சு இந்த ரெண்டும் சோப்ளாங்கி கார்னு யாராவது சொல்வாங்களா?

9/ அந்தப் பக்கமும் பாருங்க. 2016ல வந்த பிஎம்டபிள்யூ எம்2. ஆறு சிலிண்டர். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் வாங்கினா, கம்பெனியே "ஸ்மோக்கி பர்ன்அவுட்"னு பேர் வச்ச ஒரு வசதி உள்ள இருக்கும். ஃபோர்டு மஸ்டாங்ல முன் பிரேக்கை மட்டும் பூட்டுற "லைன் லாக்" முதல்ல வி8க்கு மட்டும்தான் வந்தது. 2018 மாடல்ல நாலு சிலிண்டருக்கும் குடுத்துட்டாங்க. ரேஸ் டிராக்குக்கு மட்டும்னு எச்சரிக்கையோட.

10/ நான் இருக்கிற விக்டோரியா மாநிலச் சட்டமே ஒரு காலத்துல சிலிண்டரைத்தான் எண்ணிச்சு. புதுசா லைசென்ஸ் எடுத்தவங்க எட்டு சிலிண்டரோ அதுக்கு மேலயோ இருக்கிற வண்டி ஓட்டக் கூடாது, பெட்ரோல் டர்போ கூடாதுன்னு. 2010க்கு அப்புறம் தயாரான வண்டிகளுக்கு அதை விட்டுட்டாங்க. இப்போ பாக்கிறது எடைக்கு எவ்வளவு சக்தின்னு: ஒரு டன்னுக்கு 130 கிலோவாட் தாண்டினா தடை. அரசாங்கமே சிலிண்டர் எண்றதை நிறுத்தியாச்சு. நம்ம குரூப் பசங்க இன்னும் எண்ணிக்கிட்டு இருக்காங்க.

11/ இவ்வளவு கணக்கு ஏன் போட்டேன்? "பர்ன்அவுட் அடிக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னா, "அவர் வண்டியில வராது, அதான் சொல்றார்"னு பதில் வரும். வரும் தம்பிகளா. என் வண்டியிலயும் வரும், உங்க வண்டியிலயும் வரும். வாடகைக் காருல ஹேண்ட்பிரேக் போட்டு முன் சக்கரத்தைச் சுத்த விட்டாலும் வரும். எல்லாராலயும் முடியிற ஒரு வேலையில நிரூபிக்க என்ன இருக்கு?

12/ புகை வந்தா டயர் பிடிமானத்தை இழந்துடுச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான். ஓட்டுறவனுக்குத் திறமை இருக்குன்னு அர்த்தம் இல்லை. வண்டி வேகமானதுன்னும் அர்த்தம் இல்லை. முன்னாடி போக வேண்டிய சக்தி புகையா மேல போகுது. டயர் காசு கரியாகுது. ஓட்டத் தெரிஞ்சவன் பெருமைப்படுறது பிடிமானத்தைக் காப்பாத்துறதுல.

13/ சரி, கால் விஷயத்துக்கு வர்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை ராத்திரி ட்யூட்டி. அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்தை மாத்தியிருக்கேன். 19 வயசுப் பையன். எலக்ட்ரீஷியன் வேலை பழகிட்டு இருந்தவன். ஃபேக்டரி ஏரியாவுல ஒரு தெரு, சுத்தி நண்பர்கள் கூட்டம், நடுவுல ஒரு ஆறு சிலிண்டர் கார்.

14/ அவன் வண்டி ஓட்டலை. ஓரமா, பிளாட்பாரத்துல நின்னு போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தான். புகைக்கு நடுவுல காரோட பின்பக்கம் சைடுல வழுக்கி வந்தது. அவனுக்குப் பின்னாடி நிறுத்தியிருந்த வேற ஒரு கார். ரெண்டுக்கும் நடுவுல அவன் வலது கால், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ.

15/ ஏன் சைடுல வழுக்குது? டயருக்கு இருக்கிறது ஒரே கைப்பிடி பிடிமானம்தான். மொத்தத்தையும் சுத்துறதுக்கே செலவு பண்ணிட்டா, பக்கவாட்டுல வண்டியைப் பிடிச்சு நிறுத்த எதுவும் மிஞ்சாது. அதோட மழைத்தண்ணி ஓடுறதுக்காக ரோட்டை நடுவுல மேடா, ஓரத்துக்குச் சரிவாத்தான் போடுவாங்க. பிடி விட்ட பின்பக்கம் சரிவைப் பாத்துத்தான் போகும். சரிவு முடியிற இடத்துலதான் கூட்டம் நிக்குது.

16/ இன்னொண்ணு. பிரேக்ல இருந்து கால் தவறிட்டா? அதே கணக்கு சொல்லும். விநாடிக்கு விநாடி மணிக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் வேகம் கூடும். நீங்க அஞ்சு மீட்டர் தள்ளி முன்னாடி நிக்கிறீங்கன்னா, ஒன்றரை விநாடியில 1,500 கிலோ இரும்பு உங்க மேல. பாத்து, புரிஞ்சு, காலைத் தூக்கவே ஒரு விநாடிக்கு மேல ஆகும். போன் ஸ்கிரீன் வழியா பாக்கிறவனுக்கு அந்த ஒன்றரை விநாடியும் கிடையாது.

17/ கார் பம்பர் உயரம் பெரியவங்களுக்கு முழங்கால் பக்கம் வரும். அந்த இடத்துல கால் எலும்போட மேல்தட்டு நொறுங்குறதுக்கு டாக்டர்கள் வச்ச பேரே "பம்பர் ஃபிராக்சர்". எலும்பு மட்டும்னா பிளேட், ஸ்க்ரூ போட்டுச் சேத்துடலாம். பிரச்சனை முழங்காலுக்குப் பின்னாடி. பாதம் வரைக்கும் ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் எலும்பை ஒட்டித்தான் போகுது. அது நசுங்கினா கீழ ரத்தம் இல்லை.

18/ அந்தப் பையனோட பாதத்தைத் தொட்டேன். சில்லுனு இருந்தது. பாதத்து மேல நாடி கிடைக்கலை. டாப்ளர் கருவியை வச்சோம். ஓடுற ரத்தம் அதுல "ஷ்... ஷ்..."னு கேக்கணும். ஒண்ணும் கேக்கலை. அந்த நிமிஷத்துல இருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. அடிபட்டதுல இருந்து சுமார் ஆறு மணி நேரத்துக்குள்ள ரத்தத்தைத் திருப்பி ஓட விடணும். தாண்டினா சதை சாக ஆரம்பிக்கும். கடைசியில காலை எடுக்க வேண்டி வரலாம்.

19/ அவன் அம்மா வந்தாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க. அழலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாங்க: "டொக்டர், என்ர பிள்ளை கார் ஓடேல்லைத்தானே? சும்மா பாத்துக்கொண்டு நிண்டவன்தானே?" ஆமாம்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? தப்பு பண்ணாதவனுக்கு எலும்பு உடையாதுன்னு எந்தப் பாடப்புத்தகத்துலயும் எழுதலை.

20/ கால் தப்பிச்சது. ரத்தக்குழாய் ஆபரேஷன். வீங்கின சதை உள்ளயே நெருங்கிச் செத்துடாம இருக்க, தோலையும் சதை உறையையும் நீளமா ரெண்டு பக்கமும் கீறித் திறந்து விட்டாங்க. அப்புறம் எலும்புக்குப் பிளேட். தொடைத் தோலை எடுத்துக் காலுக்கு ஒட்டு. ஆனா பாதத்தைத் தூக்குற நரம்பு திரும்பி வரலை. நடந்தா பாதம் தொங்கும். தாங்குபட்டை இல்லாம ஏணி ஏற முடியாது. எலக்ட்ரீஷியனுக்கு ஏணி ஏற முடியலைன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

21/ ஓட்டினவனுக்கு ஒரு கீறல் இல்லை. வெயிட்டிங் ரூம்ல தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். என்னடா தம்பி ஆச்சுன்னு கேட்டேன். அவன் சொன்ன முதல் வார்த்தை: "ஆறு சிலிண்டர்தானே, வராதுன்னு சொன்னாங்க அண்ணா." அதே வரி. நேத்து குரூப்ல வந்த அதே வரி. எனக்கு ஏன் தூக்கம் வரலைன்னு இப்போ புரியுதா?

22/ "சும்மா கலாய்ச்சோம், அவன் செஞ்சா நாங்க என்ன பண்றது"ன்னு சொல்வீங்க. மூளை அப்படி வேலை செய்யாது. 2005ல அமெரிக்காவுல டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கார் ஓட்டுற ஒரு வீடியோ கேமை விளையாட விட்டுப் பாத்தாங்க. தனியா விளையாடும்போதும், நண்பர்கள் பக்கத்துல இருக்கும்போதும். பெரியவங்ககிட்ட பெரிய மாற்றம் இல்லை. பதின்வயசுப் பசங்களும் இருபதைத் தொட்டவங்களும் நண்பர்கள் பாக்கும்போது அதிக ஆபத்தை எடுத்தாங்க. பாக்கிறதுக்கே அப்படின்னா, உசுப்பி விட்டா?

23/ அதனால என் கோபம் ஓட்டினவன் மேல மட்டும் இல்லை. "வராது"ன்னு சொன்னவன் மேல, "ஒரு தடவை காட்டு மச்சான்"னு சொன்னவன் மேல, லைக்குக்காக வட்டமா நின்னு படம் எடுத்த அத்தனை பேர் மேலயும்தான். போலீஸ் கேஸ்ல உங்க பேர் வராமப் போகலாம். ஆனா அந்தக் காலுக்கு நீங்களும் பங்காளி. கசப்பா இருக்கும். உண்மை அதுதான்.

24/ "ஆஸ்திரேலியாவுல பர்ன்அவுட் ஒரு கலாசாரம் டாக்டர்." தெரியும். கான்பெராவுல 1988ல இருந்து சம்மர்நாட்ஸ் நடக்குது. அதுக்கு நான் எதிரி இல்லை. அங்க தனி மைதானம், கான்கிரீட் தடுப்பு, தீயணைப்பு ஆட்கள், ஆம்புலன்ஸ், விதிமுறை எல்லாம் இருக்கு. ஆசைப்படுறவன் அங்க போய் அடிக்கட்டும். டிக்கெட் வாங்கி நானும் வந்து கைதட்டுறேன்.

25/ அத்தனை ஏற்பாடு இருந்தும் என்ன ஆச்சுன்னு பாருங்க. 2017 செப்டம்பர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ரெட் சென்டர்நாட்ஸ் விழா. பர்ன்அவுட் அடிச்ச வண்டியில இருந்து தீப்பிழம்பு கிளம்பி, வேலிக்கு அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்த பத்துப் பேருக்கும் மேல தீக்காயம். வேலி போட்ட இடத்துலயே இப்படின்னா, ஃபேக்டரி தெருவுல ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்கு என்ன வேலி?

26/ சட்டமும் சொல்லிடுறேன். விக்டோரியாவுல 2006 ஜூலையில இருந்து 'ஹூன்' சட்டம் இருக்கு. வேணும்னே சக்கரத்தோட பிடிமானத்தை விட வைக்கிறதே குற்றம். யாருக்கும் அடிபடணும்னு அவசியம் இல்லை. முதல் தடவையே 30 நாள் வண்டியைத் தூக்கி வச்சுடலாம், இழுத்துட்டுப் போற செலவும் உங்க தலையில. திரும்பத் திரும்பச் செஞ்சா கோர்ட் வண்டியை ஒரேயடியா எடுத்துக்கலாம். வருஷக்கணக்கா சேத்த காசு, ஒரு நிமிஷப் புகை.

27/ "புகைதானே, என்ன ஆகிடும்?" உருகிற ரப்பரோட நுண்துகள், கரி, ரசாயன ஆவி எல்லாம் கலந்ததுதான் அந்த வெள்ளைப் புகை. ஊதுபத்திப் புகை இல்லை. ஆஸ்துமா இருக்கிற நண்பன் கூட்டத்துல இருந்தா, அன்னைக்கு ராத்திரி அவனும் என்கிட்ட வரலாம். டயர் வெடிச்சா உள்ள இருக்கிற கம்பி வலையே பிஞ்சு பறக்கும். குழந்தையைத் தோள்ல உக்கார வச்சு வேடிக்கை காட்டுற அப்பாக்களையும் பாத்திருக்கேன். ப்ளீஸ், வேண்டாம்.

28/ 370இசட் வாங்கின தம்பிக்கு: வாழ்த்துகள்டா. அருமையான வண்டி. முதல் மாசச் சம்பளம் மிஞ்சினா ஒரு டிராக் டே புக் பண்ணு. ஹெல்மெட் போட்டு, சொல்லிக் குடுக்கிறவரைப் பக்கத்துல வச்சு, வளைவுல அந்த வண்டி எப்படித் திரும்புதுன்னு பாரு. அப்புறம் அந்தக் கமெண்ட் போட்டவனைப் பாத்தா உனக்கே சிரிப்பு வரும்.

29/ கமெண்ட் போட்ட தம்பிக்கு: உன் மேல வன்மம் இல்லை. 20 வயசுல நானும் ஒருத்தனை உசுப்பி விட்டவன்தான். அன்னைக்கு ஒண்ணும் ஆகலை, அவ்வளவுதான் வித்தியாசம். அது என் அதிர்ஷ்டம், என் புத்தி இல்லை. அந்த வரியை அழிச்சுட்டு "செம வண்டி ப்ரோ"ன்னு போடு. உனக்கு ஒண்ணும் குறையாது.

30/ கூட்டத்துல நிக்கிறவங்களுக்கு: யாராவது "அடிச்சுக் காட்டு"ன்னு ஆரம்பிச்சா, போனை எடுக்காதீங்க. கிளம்புங்க. பாக்க ஆள் இல்லைன்னா பர்ன்அவுட் இல்லை. நடந்துடுச்சுன்னா காலை இழுக்காதீங்க, நேராக்கிப் பாக்காதீங்க. 000 கூப்பிடுங்க. ரத்தம் பீறிட்டா துணியை வச்சு இறுக்கி அமுக்குங்க. எத்தனை மணிக்கு அடிபட்டுச்சுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. நான் கேக்கிற முதல் கேள்விகள்ல அது ஒண்ணு.

31/ அடுத்த தடவை யாராவது "ஆறு சிலிண்டர்ல பர்ன்அவுட் வருமா?"ன்னு கேட்டா இந்தத் த்ரெட்டை அனுப்புங்க. பதில் நாலாவது ட்வீட்டுல இருக்கு: அடிக்கும். தெருவுல யாரும் நிரூபிச்சுக் காட்ட வேண்டியதில்லை, இங்க கணக்கு போட்டே காட்டியாச்சு. வீட்டுல கார் ஓட்டுற தம்பி, மகன், மருமகன் இருந்தா பகிருங்க. நாளைக்கு நைட் ட்யூட்டி. உங்க யாரையும் அங்க பாக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறேன். 🙏